கருவியா, கருத்தாவா?

போன மாதம் ஒரு நண்பனின் அப்பா இறந்துபோனார். செய்தி வந்தபோது நான் ரயிலுக்காகக் காத்திருந்தேன். போனை எடுத்து "ஆழ்ந்த" என்று தட்டினேன். விசைப்பலகைக்கு மேலே "இரங்கலைத்" என்ற சொல் வந்து நின்றது. தொட்டேன். அடுத்து "தெரிவித்துக்கொள்கிறேன்" வந்தது. அதையும் தொட்டேன். அனுப்பியாயிற்று. ஒரு நிமிடத்தில் அவனிடமிருந்து "நன்றி" வந்தது. அதுவும் அவன் போன் எடுத்துக்கொடுத்த சொல்லாகத்தான் இருக்கும்.

ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவதாகச் சொல்லிவிட்டு, நடுவில் எங்கேயோ கையை விட்டிருந்தார். அவர் பிடித்திருக்கிறார் என்ற தைரியத்தில் நான் தெருமுனை வரை தனியாகவே ஓட்டிப் போயிருந்தேன். போனை எடுத்தபோது எழுத நினைத்தது அதைத்தான்.

அப்படியானால் அந்த மூன்று சொல்லை எழுதியது யார்? விரல் என்னுடையது. துக்கமும் என்னுடையது, பொய்யில்லை. ஆனால் சொற்களை நான் தேடவில்லை. அவை வந்தன, நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்குள் இருக்கும் கருத்தை ஆங்கிலத்தில் ஏஜென்சி என்கிறார்கள். தமிழில் செயலாண்மை என்று சிலர் எழுதுகிறார்கள். கொஞ்சம் அலுவலக வாசனை அடிக்கும் சொல், ஆனால் பொருள் எளிது. ஒன்றை நானாக நினைத்து, நானாகச் செய்கிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடவும் என்னால் முடியும் என்ற திறன். அதோடு, அந்தத் திறன் எனக்கு இருக்கிறது என்ற உள்ளுணர்வு. திறன் வேறு, உணர்வு வேறு என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உண்மையில் இதற்குப் புதிய சொல்லே தேவையில்லை என்பது என் கட்சி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மூன்றாம் வேற்றுமை போதும். "ஆல்" என்ற ஒரே உருபு இரண்டு வேலை பார்க்கும். "வாளால் வெட்டினான்" என்றால் வாள் கருவி. "தச்சனால் கட்டப்பட்டது" என்றால் தச்சன் கருத்தா, அதாவது செய்தவன். கருத்தாவிலும் இரண்டு வகை உண்டு. தச்சன் தன் கையால் செய்கிறான், அவன் இயற்றுதல் கருத்தா. "அரசனால் கட்டப்பட்ட கோயில்" என்கிறோமே, அரசன் ஒரு கல்லையும் தூக்கவில்லை. சொன்னான், நடந்தது. அவன் ஏவுதல் கருத்தா. கருவியையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றிய வழக்கமான பேச்சு இப்படித்தான் போகும்: நாம் ஏவுகிறோம், இயந்திரம் இயற்றுகிறது, நாம் அரசன், அது தச்சன். என் ரயில் நிலையச் செய்தியில் நடந்தது தலைகீழ். போன் சொன்னது, என் விரல் இயற்றியது.

"நான்தான் செய்தேன்" என்ற உணர்வை அளக்க முடியுமா? கொஞ்சம் முடியும். லண்டனில் பாட்ரிக் ஹகார்ட் என்ற மூளை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் முதல் உதாரணம். உங்கள் முன் ஒரு கடிகாரம். அதில் ஒரே ஒரு முள், சுமார் இரண்டரை நொடிக்கு ஒரு சுற்று வேகமாகச் சுற்றுகிறது. உங்களுக்குத் தோன்றும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய கால் நொடியில் "பீப்" என்று ஒரு சத்தம் வரும். அழுத்தியபோது முள் எங்கே இருந்தது, சத்தம் கேட்டபோது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் இல்லை.

விஷயம் எங்கே இருக்கிறதென்றால், தானாக விரும்பி அழுத்தியவர்களுக்கு இரண்டு நேரமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிடுகிறது. அழுத்தியதைக் கொஞ்சம் தாமதமாகவும், சத்தத்தைக் கொஞ்சம் முன்னதாகவும் உணர்கிறார்கள். இடையில் இருந்த கால் நொடி மனதுக்குள் சுருங்கிவிடுகிறது. அதே விரலைத் தலைக்கு வெளியிலிருந்து கொடுக்கும் காந்தத் துடிப்பால் துள்ள வைத்தபோது இடைவெளி சுருங்கவில்லை, இன்னும் விரிந்தது. ஆக, செயலும் விளைவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, அதை நானே வேண்டிச் செய்ததற்கு ஓர் அடையாளம்போல் இருக்கிறது. இது கச்சிதமான அளவுகோல் இல்லை. இந்தச் சுருக்கம் எதைக் காட்டுகிறது என்று ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்வதைவிட இது மேல்.

இதை வைத்துக்கொண்டு 2016இல் எமிலி காஸ்பர் என்பவர் ஹகார்டோடு சேர்ந்து ஒரு கடுமையான சோதனை செய்தார். ஒருவர் பொத்தானை அழுத்தினால் எதிரில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி. சிலமுறை அவராக முடிவெடுக்கலாம். சிலமுறை பக்கத்தில் நிற்பவர் "அழுத்து" என்று உத்தரவிடுவார். உத்தரவின்பேரில் அழுத்தியபோது, செயலுக்கும் விளைவுக்கும் இடையே உள்ள நேரம் அதிகமாக உணரப்பட்டது. "சொன்னார்கள், செய்தேன்" என்று ஆட்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று நினைப்போம். அந்த விலகல் உணர்விலேயே கொஞ்சம் நடக்கிறது என்றுதான் இந்த முடிவு சொல்கிறது. அதற்காகப் பொறுப்பு போய்விடாது, அது வேறு வழக்கு.

விமானத்தைக் கண்காணிக்கும் பணிபோல் அமைத்த இன்னொரு சோதனை 2012இல் வந்தது. புரூனோ பெர்பேரியன் குழுவினர் செய்தது. தானியங்கியின் பங்கு படிப்படியாகக் கூடக் கூட, அந்த ஒட்டுதலும் படிப்படியாகக் குறைந்தது. உத்தரவிடுபவர் மனிதராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை போலும்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் பிடித்திருப்பதாக உணர்ந்தேன். திறன் என்னிடம், உணர்வு அவரிடம். இதன் எதிர்ப்பக்கமும் அன்றாடம் நடக்கிறது. நியூயார்க்கில் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்களில் பெரும்பாலானவை, விளக்குகளைக் கணினி இயக்கத் தொடங்கிய பிறகு செயலிழந்துவிட்டன. ஆனால் கம்பத்தில் அப்படியே இருந்தன. மக்களும் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். விளக்கு மாறத்தான் செய்தது, எப்படியும் மாறியிருக்கும். எலன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975இல் இதற்குக் கட்டுப்பாட்டு மயக்கம் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவர் காட்டிய உதாரணம் லாட்டரிச் சீட்டு. தன் கையால் தேர்ந்தெடுத்த சீட்டைத் திருப்பி விற்கச் சொன்னால், யாரோ எடுத்துக்கொடுத்த சீட்டுக்குக் கேட்பதைவிடப் பல மடங்கு விலை கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் திரைகள் நிறைய இப்படிப்பட்ட பொத்தான்களால் ஆனவை. அமைப்புகளுக்குள் போனால் ஐம்பது தேர்வுகள் இருக்கும். யாரும் போவதில்லை. ஏற்கெனவே டிக் அடித்து வந்ததே நம் விருப்பமாகிவிடுகிறது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் 2003இல் உறுப்பு தானத்தை வைத்து இதைக் காட்டினார்கள். ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் பதிவு செய்ய வேண்டும். அங்கே சம்மதம் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் விரும்பாதவர்தான் பதிவு செய்ய வேண்டும். அங்கே 99 சதவீதத்துக்கும் மேல். இரு நாட்டுக்கும் மொழி ஒன்று, மனிதர்களும் அவ்வளவு வேறுபட்டவர்கள் இல்லை. படிவத்தை எழுதியவர் ஏவுதல் கருத்தா, அவர் பெயர் எங்கும் வராது. இந்த உதாரணத்தில் விளைவு நல்லது என்று பலரும் சொல்வார்கள். இருக்கலாம். என் கேள்வி விளைவைப் பற்றியது இல்லை.

முடிவில்லாமல் உருளும் பக்கமும் இதே குடும்பம்தான். ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 2006இல் அதை உருவாக்கினார், பிறகு வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அதற்கு முன்பு பக்கத்துக்கு ஓர் அடிப்பகுதி இருந்தது. அங்கே போய் "அடுத்தது" என்று தொட வேண்டும். தொடுவதா, போதுமா என்று யோசிக்க அரை நொடி கிடைக்கும். அந்த அரை நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். பார் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நிறுத்துவதற்கான இடத்தை மட்டும் அழித்தார்கள். செயலாண்மை என்பது வேண்டாமென்று விடும் திறனும்தான் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது குடியிருக்கும் இடம் இந்த மாதிரி அரை நொடிகள்.

திறனே மங்கிப்போவது வேறு கதை. அதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனின் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983லேயே ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்: சுலபமான வேலையை எல்லாம் தானியங்கிக்குக் கொடுத்துவிட்டு, அது கைவிடும் மிகக் கடினமான நொடியில் மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம், அதுவும் பழக்கம் விட்டுப்போன மனிதனை. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது. விமானிகளால் நிலைமையைப் புரிந்துகொள்ள முடியவில்லை. சில நிமிடங்களில் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். காரணங்கள் பல, தானியங்கியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெயின்பிரிட்ஜ் எழுதியதைப் படித்துவிட்டு அந்த விசாரணை அறிக்கையைப் படித்தால் நெஞ்சு பதறும். நேர்மாறான உதாரணம் லண்டன் டாக்சி ஓட்டுநர்கள். உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். எலினோர் மக்வைர் குழுவினர் 2000இல் அவர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இட நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சியில் இருப்பவர்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களுக்கே அந்த வளர்ச்சி தெரிந்தது. கற்கும் வேலை மூளையின் உருவத்தையே மாற்றுகிறது.

இதுவரை பேசியது செயலைப் பற்றி. "நான்" என்பதற்கு என்ன ஆகிறது? இங்கேதான் கருவியின் இரண்டு வகை வேண்டும்.

"சக்கரத்தால் குடம் வனைந்தான்" என்றால் சக்கரம் துணைக்கருவி. குடம் முடிந்ததும் சக்கரம் விலகிக்கொள்ளும், குடத்தில் அதன் துளியும் இருக்காது. "மண்ணால் குடம் வனைந்தான்" என்றால் மண் முதற்கருவி. அது குடத்தை விட்டு விலகாது, குடமே அதுதான். தொழில்நுட்பத்தை நாம் எப்போதும் சக்கரமாகவே நினைக்கிறோம். வேலை முடிந்தால் எடுத்து வைத்துவிடலாம் என்பது நினைப்பு. ஆனால் அவற்றில் சில மண். அவற்றைக் கொண்டு நம்மையே வனைந்துகொள்கிறோம்.

கண்ணாடியைப் பாருங்கள். நம் முகத்தை நாம் நேரில் பார்த்ததே இல்லை, இடவலம் மாறிய பிம்பத்தைத்தான் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறோம். 1977இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் மாணவிகளைப் படமெடுத்து ஒவ்வொருவர் படத்தையும் இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்று உள்ளபடி, இன்னொன்று கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், படத்தில் இருப்பவர் பெரும்பாலும் கண்ணாடிப் படத்தைக் காட்டினார். அவருடைய தோழி உள்ளபடி இருப்பதைக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் பழகிய முகமே பிடித்த முகம்.

இப்போது போனின் முன்பக்கக் கேமராவைத் திறங்கள். திரையில் தெரிவது கண்ணாடி முகம். படம் எடுத்ததும் சில போன்கள் அதை உள்ளபடி திருப்பிச் சேமிக்கும். உடனே "ஏன் மூக்கு கோணலாக இருக்கிறது?" என்று திகைப்போம். மூக்கு எப்போதும் அப்படித்தான், நாம்தான் மறுபக்கக் கோணலுக்குப் பழகியிருந்தோம். இதில் அழகூட்டும் வடிகட்டியும் சேர்ந்தால் மூன்று முகம் ஆகிவிடும்: கண்ணாடியில் இருப்பது, ஊரார் பார்ப்பது, திரையில் மெருகேறியது. தினமும் அதிகம் பார்ப்பது எதுவோ அதுவே பழகிய முகமாகும், மற்ற இரண்டும் கோணலாகத் தெரியத் தொடங்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்களும் அப்படித்தான். எட்டாயிரம் அடி நடந்தேன் என்று கைக்கடிகாரம் சொன்ன பிறகுதான் எனக்கே நடந்த திருப்தி வருகிறது. சார்ஜ் தீர்ந்த நாளில் நடந்த நடை கணக்கில் வராத நடை. கால் வலி மட்டும் கணக்கில் வந்தது.

சொற்களில் இது இன்னும் நுட்பம். 2020இல் வந்த ஓர் ஆய்வில் படங்களுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். சொல் பரிந்துரை இருந்தபோது எழுதியவை குறுகியும், எளிதில் ஊகிக்கக்கூடியதாகவும் இருந்தன. விசைப்பலகைக்குத் தெரியாத வார்த்தைகள் உதிர்ந்துபோயின. மோரிஸ் யாகேஷ் குழுவினர் 2023இல் ஒரு படி மேலே போனார்கள். சமூக ஊடகம் சமூகத்துக்கு நல்லதா என்று 1,500 பேருக்கு மேல் கருத்து எழுதினார்கள். சிலருக்கு, ஒரு பக்கம் சாயும்படி அமைத்த மொழி மாதிரி ஒன்று, அதாவது தானாக எழுதும் கணினி நிரல், வாக்கியங்களை எடுத்துக்கொடுத்தது. எழுதியது அந்தப் பக்கம் சாய்ந்தது, அதில் வியப்பில்லை. எழுதி முடித்த பிறகு தனியாகக் கேட்டபோதும் அவர்கள் கருத்து அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. பலர் அந்தச் சாய்வைக் கவனிக்கவே இல்லை. என் "ஆழ்ந்த இரங்கல்" யாருடைய கருத்தையும் மாற்றவில்லை. சைக்கிளை மட்டும் தள்ளிவிட்டது.

இதையெல்லாம் சொல்வதால் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் வேற்றுமைக்கு "ஓடு" என்ற உருபும் உண்டு, அதன் பொருள் உடனிகழ்ச்சி. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நடப்பது. ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் 1998இல் ஒரு கற்பனை மனிதரை முன்வைத்தார்கள். பெயர் ஓட்டோ, நினைவு இழப்பு நோயாளி. எங்கே போனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதான் போவார். அருங்காட்சியகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார். மற்றவர்கள் மூளைக்குள் தேடுவதை அவர் பக்கத்தில் தேடுகிறார். அப்படியானால் அந்த நோட்டு அவர் மனதின் ஒரு பகுதி என்று ஏன் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இந்த வாதம் பிடிக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஓட்டோவின் நோட்டில் இருப்பதெல்லாம் ஓட்டோ எழுதியது. அது தானாக எந்த வரியையும் சேர்க்காது, எந்தப் பக்கத்தை முதலில் காட்டலாம் என்று யோசிக்காது, ஓட்டோ எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றார் என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. நம் பையில் இருக்கும் நோட்டு இந்த மூன்றையும் செய்யும். அதோடு சேர்ந்து நடக்கலாம், யார் முன்னே நடக்கிறார்கள் என்பதில்தான் சந்தேகம்.

கடைசியாக, செயலாண்மை மொத்தமாகக் காணாமல் போகும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." நல்ல செயப்பாட்டுவினை. யாரால் என்ற இடம் காலி. முன்பெல்லாம் அந்தக் காலியிடத்துக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருப்பார், போய்ச் சண்டை போடலாம். இப்போது பல இடங்களில் கணினி போட்ட ஒரு மதிப்பெண் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஒருவர் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுத்துவிடக்கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. அந்த விதிவிலக்குகளிலும் பொதுவாக மனிதர் ஒருவர் தலையிட வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

சட்டம் வந்ததும் ஓட்டையும் வந்தது. ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்குக் கடன் மறுக்கப்பட்டது. கடன் மதிப்பெண் போட்ட நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் மதிப்பெண் மட்டும்தான் தருகிறோம், முடிவு கடன் கொடுப்பவருடையது என்ற வாதம். கடன் கொடுப்பவர் பக்கமோ, மதிப்பெண்ணைப் பார்த்துக் கையை விரிக்கலாம். நாங்கள் வெறும் கருவி என்கிறது ஒன்று, கருவி சொன்னதைக் கேட்டோம் என்கிறது இன்னொன்று. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடன் கொடுப்பவர் அந்த மதிப்பெண்ணைப் பெரிதும் நம்பியே நடந்துகொள்கிறார் என்றால், மதிப்பெண் போடுவதே ஒரு முடிவுதான். கருவி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்ததைக் கருத்தா என்று எழுதிவிட்டார்கள்.

தீர்ப்பு வந்தாலும் வேலை முடியவில்லை. நடுவில் ஒரு மனிதர் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த மனிதர் திரையில் வந்ததைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரு நாளைக்கு நூறுமுறை "சரி" என்பதை அழுத்தலாம். காகிதத்தில் அது மனிதரால் எடுக்கப்பட்ட முடிவு. இலக்கணத்தில் அவரை எங்கே வைப்பது, இயற்றுதல் கருத்தாவிலா, துணைக்கருவியிலா என்று என் தமிழாசிரியரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.